பழைய பொருள்களிலிருந்து ஒரு பந்தயக் கார்
பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி அமைக்கும் முறை

பெங்களூர்க் கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூரிபா சாலையில் விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் அமைந்துள்ளது. பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யா மறைந்த 1962-ஆம் ஆண்டிலேயே, ஜூலை 14 அன்று, பிரதமர் ஜவாஹர்லால் நேரு இக்கட்டடத்தைத் திறந்து வைத்தார். மின்சாரத்தைப் பற்றிய முதற் காட்சிக்கூடம் 1965 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. இன்று அங்கு வரும் மாணவர்கள் நெடுநேரம் நின்று காணும் பொருள்களுள் ஒன்று, ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்தின் முழு அளவு மாதிரியாகும். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 12 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள விமானம் அது. கம்பிகளும் குறுக்குக் கட்டைகளும் வெளியே தெரிய நிற்கும் அதனைக் கண்டவுடன், இதை நாமும் செய்துவிடலாம் என்ற எண்ணம் சிறுவர் மனத்தில் எழுவது இயல்பே.

அவ்வெண்ணத்தோடு பள்ளிக்குத் திரும்பும் மாணவனுக்கு என்ன விடை அளிப்பது என்பதே ஆசிரியர் முன்னுள்ள கேள்வி. பணமில்லை என்று சொல்லிவிடுவது எளிது. வெண்மையான தெர்மோகோல் பலகையும் வண்ணத் தாளும் வாங்கி வரச் சொல்வது அதனினும் எளிது. பள்ளிக் கண்காட்சிகளில் வைக்கப்படும் மாதிரிகளுட் பல இவ்வாறே தோன்றியவை. காரின் சக்கரம் ஓர் அளவிலும், உடல் வேறோர் அளவிலும், உள்ளே அமர்ந்த பொம்மை மூன்றாவதோர் அளவிலும் இருக்கும். இவற்றைப் பொம்மை எனலாமேயன்றி மாதிரி எனல் தகாது. மூலப் பொருளின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்ததே மாதிரி எனப்படும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. 1959-இல் நிறுவப்பெற்ற தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் அதே பெங்களூரில் 1967 முதல் இயங்கி வருகிறது. ஒலியின் வேகத்திற்குக் குறைந்த, அதனை ஒத்த, அதனை விஞ்சிய மூவகை வேகங்களிலும் விமானங்களின் சிறு மாதிரிகள் அதில் சோதிக்கப்படுகின்றன. அம்மாதிரியின் இறக்கையில் ஒரு மயிரிழைப் பிழை நேர்ந்தால், அதிலிருந்து பெறும் எண் பிழையாகும். அந்த எண்ணை நம்பியே பின்னர் ஒரு விமானி மேலே செல்கிறார். எட்டாம் வகுப்பு மாணவன் தகரத்தை வெட்டும்போது இவ்வளவு பொறுப்பு அவன்மீது இல்லை. ஆயினும் அளவை மதிக்கும் பழக்கம் அந்த வயதில் வாராவிடில் பின்னர் வருவது அரிது.

பழைய பந்தயக் காரைத் தேர்ந்தெடுப்பதன் காரணம்

மாதிரிக்கு உரிய பொருளாக இக்காலக் காரைக் கொள்வதினும், இந்நூற்றாண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய பந்தயக் காரைக் கொள்வது நன்று. இக்காலக் காரில் உறுப்புகள் யாவும் மெருகிட்ட தகட்டின் உள்ளே மறைந்துள்ளன. மாணவன் செய்ய இயல்வது அதன் தோலை மட்டுமே. பழைய பந்தயக் காரிலோ சட்டம், வில், அச்சு, சுக்கான் தண்டு, ஆசனம் ஆகிய யாவும் வெளியே நிற்கும். எலும்புக்கூட்டைக் கொண்டு உடலமைப்பைக் கற்பிப்பது போன்றது இது.

எடுத்துக்கொள்ளத் தக்க கார், 1906-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்ற ரெனோ கார். லெ மான் நகரருகே, ஒரு சுற்று 103.18 கிலோமீட்டர் கொண்ட சாலை வளையத்தில், ஜூன் 26, 27 ஆகிய இரு நாட்களில் நாளொன்றுக்கு ஆறு சுற்றாக மொத்தம் 12 சுற்றுகள் நடைபெற்ற பந்தயம் அது. புறப்பட்ட கார்கள் 32, முடித்தவை 11. ஹங்கேரி நாட்டில் பிறந்த பெரென்க் சிஸ் என்பார் ரெனோ காரை ஓட்டி, 12 மணி 14 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 101 கிலோமீட்டர். இரண்டாவதாக வந்த பியட் கார் அவருக்கு 32 நிமிடம் பின்தங்கியது.

இவ்வெற்றிக்குக் காரணம் எஞ்சினின் வலிமை மட்டுமன்று என்பதை ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். கடும் வெயிலில் சாலையின் தார் உருகியது. கூரிய கற்கள் டயர்களைக் கிழித்தன. ஓட்டுநரும் உடன்செல்லும் மெக்கானிக்கும் அன்றி வேறெவரும் காரில் கைவைக்கலாகாது என்பது விதி. கிழிந்த டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியதைச் சக்கரத்தின்மேல் ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். மிஷ்லேன் நிறுவனம் அவ்வாண்டு புதியதொரு முறையை அளித்தது. டயரைக் காற்றடைத்த நிலையிலேயே ஒரு தனி வளையத்தில் பொருத்தி, அவ்வளையத்தை எட்டு மரைகளால் சக்கரத்தோடு முடுக்கிவிடும் முறை அது. மரைகளைக் கழற்றி, வளையத்தை மாற்றி, மீண்டும் முடுக்க நான்கு நிமிடத்திற்கும் குறைவே ஆயிற்று.

இத்துணை நன்மையுடைய வளையத்தை எல்லாரும் ஏன் பயன்படுத்தவில்லை என்ற கேள்வி மாணவரிடமிருந்து எழுமாயின் அது நல்ல அறிகுறி. காரின் எடை 1,000 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அக்காலப் பந்தய விதி. இவ்வளையம் சக்கரம் ஒன்றுக்கு 9 கிலோகிராம் எடையைக் கூட்டியது. முன்னரே வரம்பை எட்டிவிட்ட பானார் முதலிய நிறுவனங்களுக்கு அந்த 9 கிலோகிராமுக்கு இடமில்லை. ரெனோ காரின் எடை 990 கிலோகிராம் அளவில் நின்றது. இரண்டு சக்கரங்கள் இடையே வேகப் பங்கீட்டைச் செய்யும் டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியையே எடை கருதி நீக்கிவிட்டுச் செய்யப்பெற்ற கார் அது.

ஆகவே இம்மாதிரியில் எதை மிகத் திருத்தமாகச் செய்தல் வேண்டும் என்பது தெளிவாகிறது. மாணவர்கள் பெரும்பாலும் பித்தளை விளக்கும் ஊதுகுழலும் வைக்க விரும்புவர். பந்தயக் காரில் அவை இல்லை. வைத்தால் எடை கூடும். விளக்கிற்குச் செலவிடும் உழைப்பைச் சக்கர வளையத்தின் எட்டு மரைகளுக்குச் செலவிடுவதே முறை.

புகைப்படமே அளவுகோல்

காரின் வரைபடம் ஊர்ப்புறப் பள்ளிக்குக் கிடைப்பது அரிது. பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரு புகைப்படம் கிடைத்தால் போதுமானது. அக்காலத்து டயர்களின் அளவு மில்லிமீட்டரில் வெளிவிட்டம், அகலம் என்ற வரிசையில் குறிக்கப்பெற்றது. பெரிய கார்களின் பின்சக்கரத்துக்கு வழங்கிய அளவுகளுள் ஒன்று 880 × 120 என்பது. அதாவது, டயரின் வெளிவிட்டம் 880 மி.மீ.; அதன் குறுக்குக் கனம் 120 மி.மீ. இந்த ஓர் எண்ணைக் கொண்டே ஏனைய அளவுகளைப் பெற்றுவிடலாம்.

படத்தில் பின்சக்கரத்தின் உயரம் 22 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். 880-ஐ 22-ஆல் வகுத்தால் 40. எனவே அப்படத்தின் ஒரு மில்லிமீட்டர் உண்மைக் காரின் 40 மில்லிமீட்டரைக் குறிக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே படத்தில் 72 மி.மீ. இருப்பின், உண்மை இடைவெளி 2,880 மி.மீ.; மாதிரியில் 288 மி.மீ. இவை கணக்கை விளக்கக் கொண்ட எண்களே. கையிலுள்ள படத்தை அளந்தே ஒவ்வொரு பள்ளியும் தன் எண்களைப் பெறுதல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. படம் சற்றே சாய்வாக எடுக்கப்பட்டிருப்பின் சக்கரம் வட்டமாகத் தோன்றாது முட்டை வடிவமாகத் தோன்றும். சக்கரத்தின் உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டும் சமமாயின் மட்டுமே அப்படத்தை ஏற்றல் தகும். முன்சக்கரமும் பின்சக்கரமும் படத்தில் பெரிதும் வேறுபடின், காமிரா ஒரு பக்கமாக நின்றது என்பது பொருள். இச்சோதனையை மாணவரே செய்து, நான்கு ஐந்து படங்களுள் எது தகுதியானது என்று தீர்மானிக்கும் பாடவேளை, மாதிரி செய்யும் பாடவேளையினும் பயனுடையது. நேரம் குறைவாயின் இதனைக் கைவிடாது வேறொன்றைக் கைவிடலாம்.

விகிதம் பத்தில் ஒன்று எனக் கொள்வதற்குக் காரணம் கணக்கின் எளிமையே. புள்ளியை ஓர் இடம் நகர்த்தினால் போதும்.

பொருள்களைத் தேடுதல்

பெங்களூரில் இவ்வேலைக்குப் பொருள் கிடைப்பதில் தடையில்லை. சிவாஜிநகரின் குஜரி என வழங்கும் பழம்பொருட் கடைகளில் பிரித்த வாகனங்களின் உறுப்புகள் குவிந்து கிடக்கும். ஜே.சி. சாலையில் மோட்டார் உதிரிப் பாகக் கடைகள் உள்ளன, எஸ்.பி. சாலையில் பழைய மின்கருவிகளும் திருகாணிகளும் கிடைக்கும். சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மை செய்வோரிடம் கடைசலில் கழிந்த துண்டுகள் இருக்கும். பிற ஊர்களில் காயலான் கடை, சைக்கிள் கடை, குழாய் வேலை நடைபெறும் கட்டடம் ஆகிய மூன்றும் இருப்பின் போதும்.

ஆயினும் கடைக்குப் போகுமுன் அளவுப் பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். பட்டியலின்றிச் செல்பவர் கண்ணுக்கு அழகானவற்றை வாங்கி வருவர். பின்னர் அப்பொருளுக்கு ஏற்ப மாதிரி வளைந்து கொடுக்கும். அளவுகோலும், தடிப்பை அளக்கக் காலிப்பர் கருவி இருப்பின் அதனையும் உடன் கொண்டு செல்லல் நலம்.

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். மாதிரியின் டயர் விட்டம் 88 மி.மீ.; கனம் 12 மி.மீ. இரு பக்கமும் 12 கழித்தால் உள்வளையத்தின் விட்டம் 64 மி.மீ. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. குழாய் 63 மி.மீ. வெளிவிட்டத்தில் வழக்கமாகக் கிடைக்கிறது. வேலை முடிந்த கட்டடத்தில் எஞ்சிய ஒரு சாண் துண்டிலிருந்து, 12 மி.மீ. அகலத்தில் நான்கு வளையங்களை ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம். அறுக்கும் கோடு நேராக அமைய, குழாயைச் சுற்றி ஒரு தாளை விளிம்போடு விளிம்பு பொருந்துமாறு ஒட்டி, அத்தாளின் விளிம்பை ஒட்டி அறுத்தல் வேண்டும்.

டயருக்குப் பழைய சைக்கிள் டியூப். இதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவினதாகையால் ஒற்றையாக அளந்தால் பிழை மிகும். பத்து மடிப்பாக மடித்து இறுக்கி அளந்து, பத்தால் வகுத்தால் பிழையும் பத்தில் ஒன்றாகக் குறையும். 63-இலிருந்து 88-க்குச் செல்ல ஒவ்வொரு பக்கமும் 12.5 மி.மீ. தேவை. டியூபின் தடிப்பு 1.25 மி.மீ. ஆயின் பத்துச் சுற்று, 1 மி.மீ. ஆயின் பன்னிரண்டு சுற்றில் 87 மி.மீ. வரை வரும். பங்க்சர் கடையில் கிடைக்கும் ரப்பர் பசையைச் சுற்றுக்குச் சுற்று தடவி, சற்று உலர்ந்தபின் இழுத்துச் சுற்றுதல் வேண்டும். இழுப்பு மிகுந்தால் ரப்பர் மெலிந்து, கணக்கு தவறும். முழுதும் உலர்ந்தபின் இரு ஓரங்களையும் உப்புத்தாளால் தேய்த்து உருட்சியாக்கலாம். முன்சக்கர டயர்கள் இவற்றினும் சற்றே குறுகியவை; படத்தை நோக்கிச் செய்துகொள்க.

சக்கரத்தின் ஆரங்கள் மரத்தாலானவை. நான்கு மில்லிமீட்டர் மூங்கிற் குச்சிகளைச் சீவி, நடுவில் ஒரு மரக்குடத்தில் துளையிட்டுப் பொருத்தலாம். ஆரங்களின் எண்ணிக்கையைப் படத்தில் எண்ணிப் பார்த்தே வைத்தல் வேண்டும். எட்டு மரைகளுக்குக் குண்டூசியின் தலை ஏற்றது. அதன் விட்டம் ஏறக்குறைய 2 மி.மீ.; உண்மைக் காரில் 20 மி.மீ. அளவுள்ள மரையைக் குறிக்கப் பொருத்தமானது. வட்டத்தை எட்டாகப் பகுப்பதற்குக் கவராயம் போதும், கோணமானி தேவையில்லை.

சட்டத்திற்குப் பெட்டிகளில் எஞ்சிய மரச்சட்டம், எஞ்சின் மூடிக்குச் சமையல் எண்ணெய்த் தகர டின். ரெனோ காரில் நீர் குளிரும் ரேடியேட்டர் எஞ்சினுக்கு முன்னே இல்லாது பின்னே இருந்தது. ஆகவே மூடியின் முன்பக்கம் தடையின்றிச் சரிந்து இறங்கும். ஒரே தகட்டை வளைத்து இதனை அமைத்துவிடலாம். முன்புறம் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் வைத்த பிற கார்களைவிட இது எளிது. முதலில் அட்டையில் வெட்டி, பொருத்திப் பார்த்து, அதன்பின் தகரத்தில் கீறுக.

சிறிதாக மறுப்பவை

எல்லா அளவுகளையும் பத்தில் ஒன்றாக்கிவிட்டால் எல்லாம் பத்தில் ஒன்றாகிவிடும் என்று மாணவர் கருதுவர். இக்கருத்தைக் களைவதற்கு இம்மாதிரியைப் போன்ற சாதனம் பிறிதில்லை. நீளம் பத்தில் ஒன்றாகும்போது பரப்பு நூறில் ஒன்று. கன அளவும், அதே பொருளால் செய்தால் எடையும், ஆயிரத்தில் ஒன்று.

எஞ்சினின் சிலிண்டர் ஒவ்வொன்றும் 166 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. ஓட்டமும் உடையது, நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து ஏறத்தாழ 13 லிட்டர். இன்று நகரில் ஓடும் சிறிய கார்களின் முழு எஞ்சினே ஒரு லிட்டர் அளவினது என்பதை நினைவிற் கொண்டால் இதன் பருமை விளங்கும். மாதிரியிலோ அது 13 கன சென்டிமீட்டர், ஒரு மேசைக் கரண்டியும் நிரம்பாது. மாணவர் முன் 13 லிட்டர் தண்ணீரை வாளியிலும், 13 கன சென்டிமீட்டரை மருந்துக் குப்பியின் மூடியிலும் அளந்து வைத்துக் காட்டுதல் நன்று. வாளியைக் கண்டபின் கரண்டியைக் காணும் மாணவன் கன விதியை மறப்பதில்லை.

வில்லில் இவ்விதி இன்னும் கூர்மையாகத் தென்படும். காரின் சட்டம் அடுக்கு வில்களின்மேல் நிற்கிறது. துணி மூட்டைகளைக் கட்டும் எஃகுப் பட்டையை நறுக்கி, நீளத்தில் குறைந்துகொண்டே செல்லும் ஐந்தாறு தகடுகளாக அடுக்கி, நூற்கம்பியால் கட்டினால் தோற்றம் சரியாகவே அமையும். ஆனால் அழுத்திப் பார்த்தால் அது அசையாது. கல்லைப் போல் நிற்கும். காரணம் வருமாறு: வில்லின் எல்லா அளவுகளும் பத்தில் ஒன்றானால் அதன் விறைப்பும் பத்தில் ஒன்றாகும், அதன்மேல் வரும் சுமையோ ஆயிரத்தில் ஒன்றாகிறது. ஆகவே வில் தாழும் அளவு நூறில் ஒன்றாகிவிடுகிறது. உண்மைக் காரில் 50 மி.மீ. தாழ்ந்தால் மாதிரியில் 5 மி.மீ. தாழ வேண்டும், தாழ்வதோ அரை மில்லிமீட்டர். இதனைச் சரிசெய்ய, அகலத்தையும் நீளத்தையும் அவ்வாறே வைத்துத் தடிப்பை மட்டும் குறைக்கலாம். விறைப்பு தடிப்பின் முப்படியைப் பொறுத்தது. விறைப்பு மேலும் பத்தில் ஒன்றாதல் வேண்டுமாயின், தடிப்பைப் பத்தின் கனமூலமாகிய 2.15-ஆல் வகுத்தல் வேண்டும். பழைய கடிகாரத்தின் சுருள்வில்லில் இத்தகைய மெல்லிய எஃகு கிடைக்கும். அதனைக் கூட்டிலிருந்து விடுவிக்கும்போது திடீரெனப் பாய்ந்து விரியுமாதலால், தடித்த துணியால் மூடிக்கொண்டு ஆசிரியரே அதனைச் செய்தல் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒருங்கே காப்பாற்ற இயலாது என்பதும் இங்கே தெரியவருகிறது. தோற்றம் சரியானால் இயக்கம் தவறும். இயக்கம் சரியானால் தடிப்பு தவறும். எதை விட்டுக்கொடுப்பது என்று மாணவரே ஆலோசித்து முடிவு செய்யட்டும். ஆனால் முடிவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

அச்சும் சுக்கானும்

டிபரன்ஷியல் இல்லாத கார் என்பதால் பின் அச்சு நமக்கு எளிதாகிறது. சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பியை நடுவே வைத்து, வெளித்தோற்றத்துக்கு மூங்கிலைக் கவிந்து, இரு சக்கரங்களையும் அதனோடு அசையாது ஒட்டிவிடலாம். பின்னர் காரை நேராகத் தள்ளினால் நன்கு ஓடும். வளைத்துத் தள்ளினால் பின்சக்கரங்களுள் ஒன்று தரையில் இழுபடும். வெளிச்சக்கரம் செல்லும் வட்டம் பெரிது, உட்சக்கரம் செல்லும் வட்டம் சிறிது. இரண்டும் ஒரே எண்ணிக்கையில் சுழலுமாறு கட்டுண்டிருப்பதால் ஒன்று வழுக்கியே தீரும். சாக்கட்டியைத் தரையில் தூவி ஓட்டினால் வழுக்கிய தடம் தெளிவாகத் தெரியும். பின் ஒரு சக்கரத்தை மட்டும் தளர்த்திவிட்டு மீண்டும் ஓட்டுக. இவ்விரு தடங்களும் டிபரன்ஷியலின் தேவையைச் சொற்களினும் நன்கு விளக்கும். அன்றைய ஓட்டுநர் இந்த வழுக்கலைக் கைகளால் தாங்கியே 1,238 கிலோமீட்டர் சென்றார்.

முன்சக்கரங்களில் வேறொரு நுட்பம் உள்ளது. இரு சக்கரங்களும் ஒரே கோணத்தில் திரும்பினால் அவையும் இழுபடும். உட்சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்புதல் வேண்டும். இதற்கு, சக்கரம் திரும்பும் இரு முளைகளிலிருந்தும் பின்னோக்கிச் செல்லும் சிறு கைகளை உள்நோக்கிச் சாய்த்து அமைத்து, அவற்றை ஒரு குறுக்குக் கம்பியால் இணைப்பர். கைகளின் கோடுகளை நீட்டினால் அவை பின் அச்சின் நடுவில் சந்திக்குமாறு அமைப்பதே விதி. முளைகளின் இடைவெளி 120 மி.மீ., அச்சுகளின் இடைவெளி 288 மி.மீ. எனின் சாய்வு ஏறக்குறைய 12 பாகை. தாளில் முழு அளவில் வரைந்து, அதன்மேலேயே கம்பியை வைத்து வளைத்தால் கோணமானியின் உதவியும் வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டியவை

பழைய பொருளில் வேலை செய்யும்போது பணம் மிஞ்சுகிறது. விரல் மிஞ்சுவதற்கு ஆசிரியரின் கண் தேவை. பெட்ரோல், மண்ணெண்ணெய், வண்ணக் கரைப்பான் ஆகியவற்றை வைத்திருந்த டின்களைப் பள்ளிக்குள் அனுமதிக்கலாகாது. அவை காலியாகத் தோன்றினும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். பற்றவைக்கச் சூடேற்றும்போது வெடித்துவிடும். சமையல் எண்ணெய் டின்னையும் சோடா உப்பிட்ட வெந்நீரில் கழுவிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். பழைய வாகனங்களின் பிரேக் பட்டைகளிலும் கிளட்ச் தகடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலிற் சென்று பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோயை விளைவிக்கும். எனவே அவற்றை அராவுதலும் அறுத்தலும் கூடாது. பழைய பேட்டரியைத் திறத்தல், பழைய வண்ணப் பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்டுதல் ஆகிய இரண்டும் ஈய நஞ்சுக்கு வழியாகும். ஈயம் கலந்த பற்றாசு வைக்கும் வேலையை மாணவர்க்கு அளிக்காது, மடிப்பாலும் பசையாலும் இணைப்பதே தக்கது.

வெட்டிய தகரத்தின் விளிம்பு ஒவ்வொன்றையும் 3 மி.மீ. உள்நோக்கி மடித்துத் தட்டிவிடுதல் வேண்டும். மடிப்பிற்கு இடம் விட்டுக் கீறாத தகடு வீணாகும். இரண்டு மூன்று தகடுகள் இவ்வாறு வீணாவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நிறுத்துப் பார்த்தல்

மாதிரி முடிந்தபின் தராசில் வைத்து நிறுத்தல் வேண்டும். 990 கிலோகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு 990 கிராம். மரமும் தகரமும் கொண்ட மாதிரி பெரும்பாலும் இதற்குக் குறைவாகவே நிற்கும். குறையும் எடைக்கு இரும்பு மரைகளை எஞ்சின் மூடிக்குள் வைத்துக் கட்டலாம். எங்கே வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. இரண்டு சமையலறைத் தராசுகளில் ஒன்றின்மேல் முன் அச்சும் மற்றொன்றின்மேல் பின் அச்சும் நிற்குமாறு வைக்க. மொத்தம் 990 கிராமில் முன்பக்கம் 440 கிராம் காட்டின், அச்சுகளின் இடைவெளியாகிய 288-ஐ 440-ஆல் பெருக்கி 990-ஆல் வகுக்க வரும் 128 மி.மீ., பின் அச்சிலிருந்து எடை மையம் இருக்கும் தொலைவாகும். மையம் எங்கிருத்தல் வேண்டும் என்று மாணவர் விவாதிக்கட்டும். ஓட்டுநரும் மெக்கானிக்கும் ஏறியவுடன் அது பின்னே நகரும். களிமண்ணில் 70 கிராம் எடையுள்ள இரு உருவங்களைச் செய்து ஆசனத்தில் அமர்த்தினால் அதனையும் கண்ணாரக் காணலாம். மிஷ்லேன் வளையத்தின் 9 கிலோகிராமுக்கு 9 கிராம். இரண்டு சக்கரங்களுக்குப் பதினெட்டு கிராம் கூட்டும்போது, 1,000 கிராம் என்ற வரம்பை மாதிரி மீறுகிறதா என்று பார்ப்பது மாணவர்க்கு 1906-ஆம் ஆண்டுப் பொறியியலாரின் கவலையை ஓரளவு தெரிவிக்கும்.

எவ்வளவு வேகத்தில் ஓட்டினால் உண்மைக் காரைப் போல் தோன்றும் என்ற கேள்வியும் தவறாமல் வரும். பத்தில் ஒரு பங்கு வேகம் என்பது அவசர விடை. மேட்டில் ஏறித் துள்ளி விழும் இயக்கம் புவியீர்ப்பைப் பொறுத்தது. ஈர்ப்பை நாம் குறைக்க இயலாது. ஆகவே வேகத்தைப் பத்தின் வர்க்கமூலமாகிய 3.16-ஆல் வகுத்தல் வேண்டும். மணிக்கு 101 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர். பள்ளி மைதானத்தில் அவ்வேகத்தில் 990 கிராம் பொருளை ஓடவிடுதல் கூடாது. கணக்கிட்டுப் பார்ப்பதோடு அமைக.

மாதிரியைக் காட்சிக்கு வைக்கும்போது அருகில் ஓர் அட்டை வைத்தல் வேண்டும். அதில் காரின் பெயர், ஆண்டு, விகிதம் ஆகியவற்றின் கீழே இரண்டு பத்திகள் வரைக. ஒன்றில் அளந்தறிந்த அளவுகளும், அவை எந்தப் படத்திலிருந்து பெறப்பட்டன என்பதும். மற்றொன்றில் ஊகித்த அளவுகளும், வேண்டுமென்றே மாற்றிய தடிப்புகளும். தகரத்தின் கனம் 0.3 மி.மீ.; விகிதப்படி அது 3 மி.மீ. தகட்டைக் குறிக்கிறது, உண்மைக் காரின் மூடி அத்துணைத் தடித்ததன்று. இதுவும் இரண்டாம் பத்தியில் இடம்பெறல் வேண்டும்.